இடது ஸ்பீக்கர்

ஞாயிறு, இரவு.

எங்கள் ஹால் ஒரு கோணல் ஹால். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் சமையலறை வரை திறந்து கிடக்கிறது. புது ஹோம் தியேட்டரில் இடது ஸ்பீக்கர் மங்கலாகவே கேட்டது. சத்தம் சமையலறைக்குள் ஓடிவிடுகிறது என்று குறுக்கே கனமான திரை போட்டேன். பலனில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் மங்கல்.

அக்காவை சோபாவில் உட்கார வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்டா கேக்குது. காலைலேர்ந்து இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற?"

எரிச்சலோடு டிவிக்கு முதுகைக் காட்டி நின்றேன். இப்போது வலது ஸ்பீக்கர் மங்கிவிட்டது. கோளாறு என்னோடு சேர்ந்து திரும்புகிறது.

"இன்னாடா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?"

"ஒண்ணுமில்லக்கா. வயர் லூசு."

நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில், இரைச்சலுக்கு நாங்கள் ஒரு காதைத்தான் பஞ்சு வைத்து அடைப்போம். தலைக்கு மேல் கிரேன் வந்தால் மணி கேட்க வேண்டுமே என்று மற்றதைத் திறந்து வைப்போம். நான் திறந்து வைப்பது இடது காதை. மில்லின் மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தால் வேலைக்கு உள்ளே விடமாட்டார்கள். தெரியாமல் போனால் அதைவிட மோசம், கிரேன் மணி கேட்காது. நாளை காலை ஷிப்டு.

சற்றுமுன் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் நின்றுவிட்டது. தலையைத் தூக்கினேன், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி படுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.