முத்திரை இல்லாத சிலுவை

ஐகன்ரோடா,
1869 அக்டோபர் 3

அன்பு மகன் ரைன்ஹோல்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் புதிதாகப் பிறந்த பேரனும் கர்த்தர் கிருபையால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. வரும் வசந்தத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்கு, உன் மில்வாக்கிக்கே வருகிறோம் என்று எழுதியிருந்தோமே, உன் அப்பா இப்போது மாட்டேன் என்கிறார். காரணத்தைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை.

அவர் அரண்மனைப் பொற்கொல்லராகி ஆகஸ்டோடு முப்பது வருஷம். ஹானா நகரத்தில் வேலை படித்துவிட்டு வந்து, பிரபுவின் சின்னம் போட்ட பலகையை வாசலில் மாட்டியவர், இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அதைத்தான் துடைக்கிறார். ஞானஸ்நானக் கிண்ணம், இளவரசியின் தலைச்சீப்பு, பிரபு கொடுக்கிற கௌரவச் சிலுவைகள், எவ்வளவு செய்திருப்பார். சிலுவை வாங்கியவர் செத்தால் அது அரண்மனைக்குத் திரும்பி, அங்கிருந்து நம் பட்டறைக்கு வரும், இவர் மெருகேற்றிக் கொடுப்பார், அடுத்த ஆள் மார்பில் ஏறும், நீதான் பார்த்திருக்கிறாயே. இவர் மார்பில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை.

ஜூலையில் அரண்மனைக் காரியதரிசி வந்து, புதிதாக ஒரு சிலுவை வேண்டும், யாருக்கென்று கேட்காதீர்கள் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், முப்பதாவது வருஷமாயிற்றே, தனக்குத்தான் என்று இவரே முடிவு கட்டிவிட்டார். பட்டறையில் இருக்கிற ஃபைட் வேறு, "உங்களுக்கேதான் மாஸ்டர், வேற யாருக்கு?" என்று ஏற்றிவிட்டான். நீல எனாமலை நாலு தடவை சூளையில் வைத்தார், ஒரு புள்ளி பிசகினாலும் சுரண்டிவிட்டு மறுபடி. நானே சொல்கிறேன், அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை வந்ததேயில்லை. கடைசியில் வளையத்தில் தன் முத்திரையைக் குத்தப் போனவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்றேன். "நான் போட்டுக்கப்போற சிலுவையில நானே என் பேரைக் குத்திக்கிட்டா ஊர் சிரிக்காதா ஒட்டிலி?" என்றார். என்ன ஒரு அடக்கம்!

சிலுவை கொடுக்கிற நாளில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு அரண்மனை மண்டபத்தில் முன்வரிசையில் நின்றார். கூப்பிட்டது வேட்டைத் தலைவர் வான் கோல்மை. முந்நூறாவது காட்டுப்பன்றியைச் சுட்டதற்காம்! உன் அப்பாவும் கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிடைக்காதது கூடப் பரவாயில்லை, ஆயுசிலேயே நல்ல வேலை பெயரில்லாமல் போய்விட்டதே என்றுதான் மனுஷர் உருகுகிறார். கோல்மிடம் கேட்டு வாங்கி முத்திரையைக் குத்துங்களேன் என்றால், கொடுத்த கௌரவத்தைத் திருப்பிக் கேட்பது முறையில்லையாம். "கோல்ம் போயிட்டா அது தானா நம்ம மேசைக்கு வரும், அன்னைக்குக் குத்துறேன், அதுவரைக்கும் ஊரை விட்டு அசைய மாட்டேன்" என்கிறார். கோல்முக்கு நாற்பத்திரண்டு வயது, பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஆள்! இவருக்கு அறுபத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிரசங்கத்தைக் கேட்காமல், கோல்ம் இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெட்கக்கேடு.

பேரன் முகத்தைப் பார்க்காமலே நான் கண்ணை மூட வேண்டுமா? பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போய் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. தையல்காரர் மகள் அடுத்த வாரம் அங்கே வரக் கப்பலேறுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பும் கம்பளிக் காலுறைக்குள் உன் அப்பாவின் முத்திரை உளி இருக்கிறது. காலையிலிருந்து பட்டறையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய அப்பா கையால் வாங்கியது, வேறொன்று வெட்டிக்கொள்ள மாட்டார். இனி கோல்ம் நாளைக்கே போனாலும் குத்த ஒன்றுமில்லை. அவள் கப்பல் புறப்பட்டதும் நானே சொல்லிவிடுவேன், அவர் கத்தட்டும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. உளிக்கு எண்ணெய் தடவி வை, துருப் பிடித்தால் அவர் தாங்கமாட்டார். எழுதிக் கேட்டால் மட்டும் அனுப்பிவிடாதே, நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்
அம்மா ஒட்டிலி