அப்பா திருத்திய அட்டவணை

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

வயிற்றுப்புண் என்று நீ எழுதி மூன்று வாரம் ஆகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன்னை எனக்குத் தெரியாதா! அதனால் நானே ஒரு அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறேன். எழும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம், பக்கத்தில் கையெழுத்துக்குக் கட்டம். அடுப்புக்கு மேலே ஒட்டி வை.

இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு எட்டு முதல் எட்டரை வரை என்று போட்டிருந்தேன். "எட்டுன்னா எட்டு. அரை மணி நேரம் எதுக்கு அவளுக்கு?" என்று பேனாவை வாங்கி அவரே திருத்தினார். உன் மேல் அக்கறை இல்லாமலா?

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

அவர் கையெழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அடுப்புக்கு மேலே ஒட்டச் சொன்னாய், அடுப்பிலேயே வைத்துவிட்டேன்.

உனக்கு மறந்துவிட்டதா? சின்ன வயதில் ஒரு நிமிடம் பிந்தினால் நம் தட்டு மேல் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த வேளை வரை வெறும் தண்ணீர். "பிந்தினேன்" என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முப்பத்தாறு வயது. இன்றைக்கும் மணி பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய்கூட உள்ளே இறங்குவதில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை.

ஆனால் அவருக்காகப் பட்டினி கிடந்து சாக எனக்கு இஷ்டமில்லை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முதல் ஈடு போர்வை முடிந்து மெஷின் நின்றதும் டப்பாவைத் திறக்கிறேன். மூன்றாவது ஈடு முடிந்ததும் மறுபடி. இஸ்திரி போடுகிறவள் எதிரில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவாள். சிரிக்கிற சிரிப்பில் எனக்கும் இறங்கிவிடுகிறது. லீவு நாளில்தான் இன்னும் தகராறு. அன்றைக்கு அவளுக்குப் போன் போட்டுவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். உன் மகளும் கையெழுத்துப் போடுகிறாளா?

வாலு

மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நீ எதையும் பெரிதுபடுத்துவாய். ஆமாம், போடுகிறாள். ஏழு வயதில் ஒழுங்கு வர வேண்டாமா? நேற்று பத்து நிமிடம் பிந்தினாள், அப்பா தட்டை எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன். எதிர்த்துப் பேசினால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். குழந்தை அழவில்லை. சமர்த்தாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

உன் அக்கா

மார்ச் 19

அக்கா,

நீயும் அழ மாட்டாய். அதனால்தான் அவருக்கு நீ சமர்த்து, நான் வாலு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டேன். அவர் படபடக்கட்டும், மாத்திரை இருக்கிறது. குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு சாப்பிடப் போகிறேன். உனக்கும் ஒரு தட்டு வைப்பேன். நீ உட்காராவிட்டாலும் நாங்கள் சாப்பிடுவோம்.

வாலு

மார்ச் 27

அன்புள்ள வாலுவுக்கு,

ஞாயிறன்று நான் உட்காரவில்லை. நீ எனக்கு வைத்த தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாய். சண்டை போட்டிருந்தால் தேவலை.

நேற்று குழந்தை மறுபடியும் பிந்தினாள். அப்பா அலமாரியைக் காட்டினார். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டேன். "நேரம் ஆயிடுச்சு" என்றார். "எங்களுக்குப் பசிக்குதுப்பா" என்றேன். போட்டதில் பாதி கீழே சிந்தியது. அவர் கத்திக்கொண்டே இருந்தார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம். குழந்தை இன்னொரு கரண்டி சோறு கேட்டாள்.

உன் அக்கா