குறிப்புக் கட்டத்தில் ரஷ்யா

ஆகஸ்ட் 28, 2025, வியாழன்

தண்ணீர்: காலை. மருந்து: இல்லை. பறிப்பு: 58 கிலோ. பறித்த ஆள்: 1.

குறிப்பு: கம்பெனி கொடுத்த இந்தப் பண்ணைப் பதிவேட்டில் தண்ணீருக்கும் மருந்துக்கும் விரல் நகம் அளவுக் கட்டம். குறிப்பு எழுத மட்டும் அரைப் பக்கம். வெள்ளரி போட்டவளுக்கு அவ்வளவு என்ன குறிப்பு இருக்கும் என்று விட்டார்களோ தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. மூன்று போகமாக எழுதுகிறேன். கம்பெனி களப்பணியாளர் இனிகோ தம்பி வாரம் ஒருமுறை வந்து அடியில் கையெழுத்துப் போடுகிறார். ஒரு வரி படித்ததில்லை. படித்திருந்தால், அவர் மீசையைப் பற்றி ஜூலையில் எழுதியதற்கே சண்டை வந்திருக்கும்.

இன்று அந்த மீசை தொங்கிக் கிடந்தது.

"அக்கா, அமெரிக்காக்காரன் வரிய அம்பது சதம் ஆக்கிட்டான். ஆர்டரு நின்னுபோச்சு."

"நம்ம காயில என்ன தம்பி குத்தம்?"

"காயில ஒண்ணும் இல்லக்கா. நம்ம நாடு ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குதுல்ல, அதுக்கு."

நான் வாங்குவது கடலை எண்ணெய். அதுவும் சாணார்பட்டி செக்கில். என்னை எதற்கு இழுக்கிறார்கள்?

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒச்சாயி மதினி வரப்பில் நின்று கத்திவிட்டுப் போனாள். நியாயம்தான். இது நம் ஊரில் யாரும் தின்னாத வெள்ளரி. சுண்டுவிரல் தடிமனில் பறித்து, கம்பெனியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீல டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். கம்பெனி எடுக்கவில்லையென்றால் மாடுதான் எடுக்கும். இதைப் போடச் சொல்லி மதினி உட்பட ஏழு பேரைக் கிளப்பிவிட்டது நான்.

"நல்லா பூத்துக்கிட்டிருந்த மல்லியப் புடுங்க வச்சியேடி மலரு. இப்ப நான் யாரு தலையில வெள்ளரிக்காயச் சூட்டுறது?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. அதை அடக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பறிப்பு: 40 கிலோ. பெரிசாகி ஒதுக்கியது: 22 கிலோ. பறித்த ஆள்: 1.

குறிப்பு: இந்த 22 கிலோவுக்குக் காரணம் என் வீட்டுக்காரர் கண்ணன். ஆர்டர் நின்றாலும் காட்டில் காய்த்ததை மட்டும் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. இந்தக் காயை விடியலில் பறித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் கட்டைவிரல் மாதிரி ஊதிவிடும், கம்பெனி தொடாது. விடியலில் இவர் டீக்கடையில் இருக்கிறார்.

கூப்பிடப் போனேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டைல அமெரிக்காக்காரன் கப்பல அனுப்பி மெரட்டுனப்ப, எவன் வந்து நின்னான்? ரஷ்யாக்காரன்! அம்புட்டுப் பழைய நட்பு. எவன் வரி போட்டாலும் அறுத்துவிட முடியாது" என்று பேசிக்கொண்டிருந்தார். கப்பலில் கூடவே நின்றவர் மாதிரிப் பேச்சு. இவர் பிறந்ததே எழுபத்தாறில்.

நட்புக்காக வங்காள விரிகுடா வரை கப்பல் வருகிறது. கட்டிக்கொண்டவளுக்காக டீக்கடையிலிருந்து வெள்ளரிக்காடு வரை ஒரு ஆள் வரமுடியவில்லை. முந்நூறு அடி.

அக்டோபர் 6, திங்கள்

இனிகோ தம்பி வந்தார். அமெரிக்கா போனால் போகட்டும், ரஷ்யாவில் ஒரு கம்பெனி கேட்கிறதாம். டிசம்பரில் அவர்கள் ஆளே நேரில் வந்து காட்டையும் காயையும் பார்ப்பார்களாம். பிடித்தால் எட்டுப் பேர் காயும் அங்கே போகும். பிடிக்காவிட்டால் இப்போது போடுவதுதான் கடைசிப் போகம்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொல்லல?" என்கிறார். ஊரில் மழை பெய்தாலும் இவர் சொல்லித்தான் பெய்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

விதை போட்டாயிற்று. மதினியும் போட்டாள். என்னைத் திட்டிக்கொண்டேதான் போட்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

பறிப்பு: 35 கிலோ. பறித்த ஆள்: 1.

குறிப்பு: டிவி முழுக்க தில்லி. ரஷ்ய அதிபர் வந்து இறங்கியிருக்கிறார். இரண்டு நாட்டு உத்திசார் கூட்டாண்மைக்கு இருபத்தைந்து வருடம் நிறைவாம். கம்பளம், கட்டித்தழுவல், விருந்து.

எங்களுக்கும் இரண்டாயிரத்தில்தான் கல்யாணம். அதே இருபத்தைந்து. கம்பளம் வேண்டாம், ஒரு கூட்டறிக்கையாவது? யாரும் விடாததால் நானே விடுகிறேன்:

"இரு தரப்பும் வெள்ளரி நிலவரம் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தன. முதல் தரப்பு டீக்கடையில் தன் ஆலோசனைகளைத் தொடரும். இரண்டாம் தரப்பு காய் பறிக்கும், சோறாக்கும், வெஞ்சனம் வைக்கும், முதல் தரப்பின் உலக அறிவைப் பாராட்டும். பறித்த ஆள் என்ற கட்டத்தில் உள்ள ஒன்றை இரண்டாக்க இரு தரப்பும் உறுதி பூண்டன. தேதி பின்னர் அறிவிக்கப்படும்."

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. ரொம்ப நேரம் நிற்கவில்லை அந்த லேசு.

டிசம்பர் 9, செவ்வாய்

நாளைக்கு வருகிறார்களாம். முதலில் பார்ப்பது பண்ணைப் பதிவேட்டைத்தானாம். இதை. ஐயோ, இதையா?

அதே நாள், மாலை

கிழிக்கலாம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கிறது. ஒரு பக்கம் குறைந்தாலும் பதிவேடு செல்லாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். இனிகோ தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். முதல் தடவையாகப் பிரித்துப் படித்தார். மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா... என் மீசை அப்படியா இருக்கு?"

அப்புறம் அவரே, "வாரவுகளுக்குத் தமிழ் தெரியாதுக்கா, பயப்படாதீக" என்றார்.

டிசம்பர் 10, புதன்

எழுதியதால் வந்த வினைதான். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வந்த அம்மா பெயர் நடால்யா. ஐம்பது வயதிருக்கும். தொப்பி, சேறு படிந்த பூட்ஸ். வந்ததும் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு காயைப் பறித்தார், சட்டையில் துடைத்தார், பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தொட்டுக் கடித்தார். "உப்பு தின்னுட்டாக, இனி நம்ம ஆளு" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். மருந்தடித்த தேதி எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சரி.

கூட மொழிபெயர்க்க ஒரு பெண். பவித்ரா. மெட்ராஸ் பிள்ளை என்று நினைத்தேன். திண்டுக்கல் நாகல்நகராம்! ரஷ்யாவில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே பரீட்சை எழுதக் காத்திருக்கிறதாம். ரஷ்ய மொழியும் தெரியும், என் கோழிக்கிறுக்கலும் தெரியும்.

பதிவேட்டை வாங்கிப் புரட்டியது. டிசம்பர் 4 கூட்டறிக்கையில் நின்றது. அந்தப் பிள்ளையின் தோள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. அந்த அம்மா என்னவென்று கேட்க, பவித்ரா சத்தம்போட்டுத் தமிழில் ஒரு வரி, ரஷ்ய மொழியில் ஒரு வரி என்று வாசித்தது பாருங்கள். எட்டு வெள்ளரிக்காரரும் நிற்கிறார்கள். ஒச்சாயி மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இனிகோ தம்பி வானத்தைப் பார்த்தார். முதல் தரப்பு தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பேனாவை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் அவர்கள் எழுத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். பவித்ரா அதைப் பார்ப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்க, அதுவும் ஓடிவிட்டது.

போச்சு. எட்டு குடும்பத்துக் காயும் என் வாயால போச்சு. நாக்குல சனி இருந்தாக் கூடப் பரவால்ல, எனக்குப் பேனாவுல இருந்திருக்கு.

டிசம்பர் 11, வியாழன்

நேற்று இவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"இருபத்தஞ்சு வருசமா அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அதற்கப்புறம் சோறு போட்டால் தின்கிறார். பேச்சில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவரை அப்படி நிற்கவைத்தது எனக்கே வலிக்கிறது. ஆனால் எழுதியதில் ஒரு பொய் காட்டச் சொல்லுங்கள்.

டிசம்பர் 15, திங்கள்

பவித்ராவின் நம்பரை இனிகோ தம்பியிடம் வாங்கி, அந்த இரண்டு வரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. பரீட்சையாம்.

டிசம்பர் 18, வியாழன்

லாரி வந்துவிட்டது! எட்டுப் பேர் காயையும் எடுக்கிறார்கள். அடுத்த போகத்துக்கும் விதை தருவார்களாம். ஒச்சாயி மதினி கடைசிக் கூடையை ஏற்றிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "நாசமாப் போறவளே, இன்னும் நாலு எழுதுடி" என்றாள்.

அப்படியானால் அந்த அம்மா எழுதியதுதான் என்ன?

டிசம்பர் 20, சனி

பவித்ராவின் பதில் வந்தது: "மருந்துக் கணக்கு சுத்தம். பதிவேடு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு இருபத்தேழு வருடம். என் வீட்டுக்காரர் சோபாவில்தான் இருக்கிறார்."

நாலு தடவை படித்தேன். பார்த்து அரைமணி நேரம் ஆன ஒரு மனுஷிக்கு என் பாடு புரிந்திருக்கிறது. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. பத்து நாளாகப் பேசாத மனிதரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். 

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல," என்றார், "அவிங்க நம்ம ஆளுகன்னு."

திருந்தாத ஜென்மம். அப்புறம், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "காலைல எத்தன மணிக்குப் பறிக்கப் போவ?" என்று கேட்டார்.

மூன்று போகம் கழித்துக் கேட்கிறார், எத்தனை மணி என்று.

டிசம்பர் 21, ஞாயிறு

தண்ணீர்: இல்லை. மருந்து: இல்லை. பறிப்பு: 66 கிலோ. பெரிசாகி ஒதுக்கியது: இல்லை. பறித்த ஆள்: 2.