முள் காட்டிய எடை

லிந்துலையில் இன்று பஸ் நின்ற இடத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தராசின் முள் இருபதில் நின்றது. "ஈரக் கொழுந்து, ரெண்டு கிலோ கழிவு" என்றார் கணக்கப்பிள்ளை. பச்சைக் கொழுந்தின் வாசம் ஜன்னலால் வந்தது. கூடவே உங்கள் ஞாபகமும் வந்தது. நீங்கள் காலமாகி இரண்டு வருஷமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குள் கிடந்து அரிக்கிறது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியன். நீங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்த பாடசாலையிலேயே ஆசிரியரானவர். டவுனில் முதல் நெட் கடை திறந்த காலம் அது. பிள்ளைகள் அச்செடுத்து வரும் தாள் எங்களுக்கு வேதவாக்கு. பத்தாம் ஆண்டு கோகிலா 'எங்கள் தோட்டம்' கட்டுரையில் அப்படியொரு தாளிலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதியிருந்தாள்: "தோட்ட மக்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை." நான் அதற்குச் சரி போட்டேன். பெற்றோர் தினத்தில் வாசிக்கவும் அந்தக் கட்டுரையையே தெரிந்தெடுத்தேன்.

"இத யாரு சொன்னது சேர்?" என்று கேட்டீர்கள்.

"இன்ரநெற்றில கிடக்கு. பிழையா இருக்காது" என்றேன்.

நீங்கள் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேரே வகுப்புக்குள் போய்க் கோகிலாவிடம், "நேத்து அம்மா எவ்வளவு கொழுந்து எடுத்தாங்க?" என்றீர்கள்.

"முள்ளு இருபது காட்டிச்சாம் சேர். ஈரம்னு சொல்லி பதினெட்டுத்தான் போட்டாங்களாம்."

"ஈரமா இருந்துச்சா?"

"நேத்து நல்ல வெயிலு சேர்!"

வகுப்பே சிரித்தது.

"முள்ளு காட்டினத எல்லாரும் பார்க்கலாம். ஈரம்ங்கிறது கணக்கப்பிள்ளையோட நெனப்பு. அது சரியாவும் இருக்கலாம், ஆனா கொழுந்தத் தொட்டுப் பார்த்துட்டு நம்பு. இப்ப அந்தத் தாள எடு. எது முள்ளு, எது நெனப்பு?"

ஒவ்வொரு வரியாக வாசித்து வந்த கோகிலா அந்த வரியில் நின்றுவிட்டாள். "எங்கம்மா ஒரு பெற்றோர் கூட்டம் விடாம மலையிலருந்து ஓடி வர்றாங்க சேர். அவங்க முன்னாலயே இத வாசிக்க இருந்தேனே."

பெற்றோர் தினத்தில் அந்த வரி இல்லாமல்தான் வாசித்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்து, வாசலில் நின்று கேட்டார் அவள் அம்மா.

இப்போது பிள்ளைகள் போனை நீட்டி, "இது உண்மையா சேர்?" என்கிறார்கள். "முள்ளோ, நினைப்போ?" என்று நானும் கேட்கிறேன். உங்கள் கேள்வியை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

சொல்லாமல் விட்டது இதுதான். அந்த வரியை இன்டர்நெட் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே வந்த நாள் முதல் அது என் மனதில் இருந்தது. அந்த அம்மா படங்கோடு ஓடி வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூட்டத்துக்குப் பிந்தி வருகிறார் என்று முகம் சுளித்திருக்கிறேன். வெயில் நாளில் ஈரமென்று கழித்தவன் நான்தான்.