வெண்ணெய் இல்லாத ஞாயிறு

மார்ச் 3, திங்கள்

காலையில் ஓட்ஸ் கஞ்சி. பாதிக் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்து இன்றோடு பத்தொன்பது நாள். "நல்லா இல்லையாங்க?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் ஹோட்டலில் காலைச் சமையல் பார்த்த மனுஷன். பொய் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்ப்பார்.

மார்ச் 5, புதன்

டாக்டரிடம் போய் வந்தோம். இதயத்தில் குறை ஒன்றும் இல்லையாம், வைத்த ஸ்டென்ட் ஒழுங்காக இருக்கிறதாம். நடக்கலாம், மாடி ஏறலாம், சின்னச் சின்ன வீட்டு வேலை செய்யலாம். வெண்ணெய், கிரீம், பொரித்தது கூடாது. முட்டை வாரத்துக்கு மூன்று. மீனோ நண்டோ வேகவைத்துச் சாப்பிடலாம்.

"சமையல்காரருக்கு வெண்ணெய் கூடாதுன்னா கஷ்டம்தான்" என்று டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் பேசவும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

மதியம் அவர் தூங்கும்போது பழைய நினைப்பு. எழுதிவிடுகிறேன்.

ஹோட்டலில் எனக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. டெலிபோன் போர்டு, ஒரு நாற்காலி, சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் பத்தரைக்குத்தான் கழற்ற முடியும். ஒரு நாள் இருபத்தேழாம் அறையில் முட்டை ஆறிப்போயிருந்ததென்று புகார். சமையலறைக்குப் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கத்துக் குரல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றது.

ஆயிரம் பேர் பேசுவதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி விட்டிருக்கிறேன். என்னை அப்படிக் கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை.

கால் மணியில் மூடி போட்ட தட்டு வந்தது. கொண்டுவந்தது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரே. வாட்டிய பன், மேலே நண்டுச் சதை, அதன் மேல் ஓடில்லாமல் வெந்நீரில் உடைத்து விட்டு வேகவைத்த முட்டை இரண்டு, எல்லாவற்றின் மேலும் வெண்ணெயும் மஞ்சள் கருவும் அடித்த சாஸ். குத்தியதும் கரு உடைந்து நண்டின் மேல் வழிந்தது. ஒரு கையில் போர்டு, ஒரு கையில் முள்கரண்டி. அன்று மூன்று அழைப்புகளைத் தப்பான அறைக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து நான் அவருக்கு 'எக்ஸ்சேஞ்ச்'. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். ஞாயிறு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பத்தரை மணிக்கு அந்தத் தட்டுதான். ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பைத் தொட்டதே இல்லை.

இப்போது தொட வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

தொட்டேன். கெட்டது.

நண்டை வேகவைத்துச் சதை எடுப்பதற்குள் விரலில் இரண்டு கீறல். வெண்ணெய்க்குப் பதில் தயிரில் சாஸ் செய்யப் பார்த்தேன், திரிந்து திப்பி திப்பியாகிவிட்டது. முட்டை? தண்ணீரில் விட்டதும் கந்தல் துணி மாதிரி நாலு பக்கமும் பிரிந்து போனது. மூன்று முட்டை அப்படிப் போய், நாலாவதைத்தான் ஒருமாதிரி அள்ளி எடுத்தேன்.

அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். நான் கரண்டியைக் கீழே போட்டேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றார்.

மார்ச் 10, திங்கள்

பரவாயில்லையாம்! ஒரு டீ சரியில்லைன்னா கால் மணி நேரம் பாடம் எடுக்கிற ஆளு. திட்டியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். என்ன மனுஷன் இவரு? வெண்ணெயை நிறுத்தினது நானா? டாக்டர்தானே? என் மேல எதுக்கு இந்த மௌன விரதம்?

மார்ச் 13, வியாழன்

மகள் போனில் பேசினாள். "வீடியோ பாத்து செய்யேன்மா" என்கிறாள். "முப்பத்திரண்டு வருஷ வீடியோ இங்க சோபாவில உட்கார்ந்திருக்கு, அதுதான் ஆன் ஆக மாட்டேங்குது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டாம் முறையும் தயிர் திரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்துக்கு வந்து நின்று கத்திவிட்டேன். "வெண்ணெய் இல்லைன்னு இன்னும் எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப் போறீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ள வந்து என்ன தப்புன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

எழுந்தார். சமையலறை வாசல்வரை வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு உயிரே போய்விட்டது. "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை" என்றார். "கால் உள்ள வர மாட்டேங்குது."

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே சொன்னார். "அடுப்பைப் பாத்தா அந்தத் தரைதான் தெரியுது. அன்னிக்கு விழுந்தப்ப கன்னத்துல ஜில்லுனு இருந்துச்சு. மேல சாஸ் கருகுற வாசனை. நீ ஓடி வர்றது கேக்குது, வாயைத் திறக்க முடியலை. அவ்வளவுதான், இனிமே இவளைப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க வெண்ணெய்க்காக முறைச்சுக்கிட்டிருக்கீங்கன்னு..."

"வெண்ணெய் கிடக்குது, கழுதை."

அவர் விழுந்தது சமையலறையில்தான், ஒரு ஞாயிறு காலையில்தான். தெரியும். நான்தானே தூக்கினேன்! அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்தத் தரையைத் துடைத்தவளும் நான்தான். துடைத்ததோடு முடிந்தது என்று எப்படி நினைத்தேன்? அவருடைய பயத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

மதியம் இரண்டு பேரும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

மார்ச் 19, புதன்

அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆனால் டீயில் சர்க்கரை கம்மி என்றார். நல்ல சகுனம்.

மார்ச் 23, ஞாயிறு

நண்டு, முட்டை, கீரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து அவர் கைபேசிக்கு அடித்தேன். கூடத்தில் மணி அடிப்பது எனக்கே கேட்டது. எடுத்தார்.

"எக்ஸ்சேஞ்ச் பேசறேன். இங்க ஒருத்தங்களுக்கு முட்டை வரலையாம். யார்கிட்ட குடுக்கணும்?"

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முட்டை புதுசா?" என்றார்.

"நேத்து வாங்கினது."

"டீ வடிகட்டியில உடைச்சு ஊத்து. தண்ணியா இருக்கிற வெள்ளைக்கரு கீழ இறங்கட்டும். அதுதான் கந்தலாப் போறது. தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர். தண்ணி என்ன செய்யுது?"

"தளதளன்னு கொதிக்குது."

"கத்துது. தணிச்சு வை. சிரிக்கணும், கத்தக் கூடாது."

தயிரைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் வைக்கவே கூடாதாம். அடுப்பை அணைத்துவிட்டு, அந்த ஆவியில் கிண்ணத்தை வைத்து, ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் கடுகு விழுது, எலுமிச்சை, துளி சோளமாவு சேர்த்து அடிக்க வேண்டுமாம். "சூடாகணும், வேகக் கூடாது. விரல் விட்டுப் பாரு, குளிக்கிற தண்ணி சூடு." பாதி பன் போதும், அடியில் வதக்கிய கீரை, ஆளுக்கு ஒரு முட்டை. இந்த மாற்றமெல்லாம் அவர் யோசித்தது. அப்படியானால் இத்தனை நாளும் பேப்பருக்குப் பின்னால் மனசுக்குள் சமைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

கரு உடைந்து நண்டின் மேல் வழிந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு பாடம் ஆரம்பித்தது: எலுமிச்சை ஒரு சொட்டு அதிகம், பன் வாட்டியது போதாது, கீரையைப் பிழியவே இல்லை, நண்டில் ஓட்டுத் துண்டு ஒன்று இருந்தது. பத்து நிமிஷம். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

பழைய ருசி இல்லைதான். வெண்ணெயின் வாசனைக்கு வெண்ணெய்தான் வேண்டும். அவரும் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். அவருடைய ஒரு கால் உள்ளே இருந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்பதே காலுக்குத்தான் விழித்தேன். பக்கத்தில் அவர் இல்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் குழாய் திறக்கும் சத்தம். பாத்திரம் வைக்கும் சத்தம். அதற்கப்புறம் அவர் குரல், ஹோட்டல் சமையலறைப் பாஷையில், வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தைகளால் யாரையோ திட்டுகிறது. முட்டையைத்தான்.

ஓடிப்போய்ப் பார்க்கத்தான் தோன்றியது. போகவில்லை. மறுபடி படுத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.