காலியாக விட்ட கட்டம்

ஞாயிறு, இரவு.

காதர் இன்று மதியம் கோயம்புத்தூர் போய்விட்டான். இனி மகள் வீட்டோடுதான். வேலைக்குப் போன காலத்தில் அவனும் செல்வமும் நானும் நிலக்கோட்டை பஸ்ஸில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, ஒரே தாளை மடியில் விரித்துக் குறுக்கெழுத்துப் போடுவோம். இறங்கும்போது சட்டையெல்லாம் பூ வாசம். ரிட்டயரான பிறகு அதுவே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், ஞாயிறுதோறும்.

இன்றைய புதிர் எங்களைப் படாதபாடு படுத்தியது. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு மிச்சம்: ‘கிளம்புகிறவர் பெறும் காளை. இரண்டு எழுத்து.’

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. காளைக்கு விடை என்றும் ஒரு பெயர் உண்டு; கிளம்புகிறவர் பெறுவதும் விடைதான். ஆனால் சொன்னால் புதிர் முடிந்துவிடும், காதர் எழுந்துவிடுவான். வாயைத் திறக்கவில்லை. அவர்களும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு டீ சொன்னோம்.

பஸ் வந்தது. காதர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஏலே, அது விடைதானே?" என்றான்.

"தெரிஞ்சுமா இம்புட்டு நேரம் சும்மா இருந்தே?" என்றேன்.

"செத்த நேரம் கூட இருக்கலாமேன்னுதான்" என்று சிரித்தான்.

"எனக்கும் அப்பவே தெரியும் அப்பு" என்றான் செல்வம். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. காதருக்குக் கேட்டதோ என்னவோ.

எனக்கும் அப்போதே தெரியும் என்று நான் மட்டும் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. காலையில் போன் பண்ண வேண்டும்.