பதினோரு துளை

ஜூன் 4
மகளே,
போனில் பேசமாட்டேன். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லையென்று சொல்லலாம், எழுதினால் தப்ப முடியாது. நான் கட்டிய கடல் சுவரில் முப்பது அடி விழுந்து, சாலை ஓரமும் இறங்கிவிட்டதாக உன் அண்ணன் பேப்பர் படித்துக் காட்டினான். ‘கட்டியதில் குறை’ என்று அறிக்கை எழுதிய பொறியாளர் நீதானாம். பெற்ற மகளிடமே வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இருபத்தெட்டு வருஷம் நின்ற சுவர் அது. நான் காலேஜ் வாசலை மிதித்தவனில்லை, கல்லைத் தட்டிப் பார்த்தே தொழில் கற்றவன். கடல் இடித்ததை என் தலையில் கட்டாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீ விசாரிக்க வேண்டாம்.
உன் அப்பா

ஜூன் 11
அன்புள்ள அப்பா,
விசாரிக்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் மட்டும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.
சுவரைக் கடல் இடிக்கவில்லை அப்பா. மழைத் தண்ணீர் சாலைக்கு அடியில் இறங்கி, சுவருக்குப் பின்னால் தேங்கி, உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. அது வடிய நீங்கள் வைத்த துளைகளை யாரோ சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். நான் எழுதிய குறை அதுதான், ‘கட்டியதில்’ என்று மாற்றிப் போட்டது பேப்பர். விழுந்த இடத்தைக் கட்டிவிட்டோம், ஒன்பது துளைகளைத் திறந்தும் விட்டோம், அவை இருக்கும் இடங்களை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனாலும் பழைய சுவர்ப் பக்கம் சாலையில் கீறல் வளர்கிறது. இன்னும் துளைகள் இருக்க வேண்டும். சீரான இடைவெளியில் நீங்கள் வைக்காததால் தேடியும் அகப்படவில்லை. இரண்டு வாரத்தில் மழைக்காலம் வந்துவிடும், பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. மற்றவை எங்கே என்று நினைவிருக்கிறதா? அடைத்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா?
உங்கள் மகள்

ஜூன் 16
மகளே,
தைலம் நாறுகிறது. போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்கிறாய். யார் அடைத்தால் என்ன? படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள், தேடிக்கொள்ளுங்கள். இனி எழுதாதே.
அப்பா

ஜூன் 19
மகளே,
மொத்தம் பதினோரு துளை. அஸ்திவாரம் தோண்டும்போது எங்கெங்கே ஊற்று கசிந்ததோ அங்கங்கே வைத்தேன். உன் படத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று, கடலுக்கு இறங்கும் படிக்கட்டுக்கு இடது பக்கம், கீழிருந்து நாலாவது வரிசையில். இன்னொன்று, வளைவில் ஒரே ஒரு சிவப்புக் கல் இருக்கும், அதற்கு அடியில்.
அடைத்தது நான்தான். வெள்ளை அடித்த புதிதில் துளையெல்லாம் பழுப்பாக ஒழுகிற்று. "மேஸ்திரி சுவர் கட்டலை, சல்லடை கட்டி வச்சிருக்காரு" என்றார் டீக்கடைக்காரர். கடையே சிரித்தது. மூன்று வயதில் நீயும் என் தோளில் உட்கார்ந்து சிரித்தாய். மறுநாள் மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் அடைத்தேன். துளை எதற்கென்று தெரிந்தேதான் அடைத்தேன்.
அறிக்கையில் ‘யாரோ’ என்று எழுதாதே. அந்த யாரோவுக்குப் பெயர் உண்டு, அதைப் போடு. இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே.
அப்பா

ஜூன் 27
அன்புள்ள அப்பா,
இரண்டையும் திறந்தோம். படிக்கட்டுப் பக்கம் அரை நாள் தண்ணீர் கொட்டிற்று. கீறல் வளர்வது நின்றுவிட்டது. நேற்று பெய்த பருவத்தின் முதல் மழையிலும் பஸ் போயிற்று.
நீங்கள் சொன்னபடி உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில்: அடைத்தவர், இடம் காட்டியவர்.
சுவர் முழுக்கப் பழுப்பாக ஒழுகுகிறது. டீக்கடையில் இப்போது அந்தக் கடைக்காரர் மகன் இருக்கிறார், அவரும் சிரிக்கிறார். சிரிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.
தைலம் நாறினாலும் தேயுங்கள்.
உங்கள் மகள்